லண்டன் சுரங்க ரயில் நிலையங்கள்

நிலத்தடியில் பயணிகளை ஏற்றிச் சென்ற உலகின் முதல் ரயில், லண்டனில் 1863 ஜனவரி 10 அன்று ஓடத் தொடங்கியது. ஏழு நிலையங்களோடு பிறந்த அந்தப் பாதை இன்று 11 தடங்கள், 272 நிலையங்கள், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளம் என வளர்ந்திருக்கிறது. ஏட்டில் அதன் பெயர் அண்டர்கிரவுண்ட், ஊர்வாயில் ட்யூப். இத்தனைக்கும் மொத்தப் பாதையில் பாதிக்கும் குறைவான பகுதியே சுரங்கத்துக்குள் ஓடுகிறது. மற்றதெல்லாம் புறநகர்களின் வீட்டுத் தோட்டங்களுக்குப் பின்னால், வெட்டவெளியில்.

தரைக்கு மேல் ரயிலில் போகிறவர், தேவாலயக் கோபுரத்தையோ ஆற்றுப் பாலத்தையோ பார்த்து இடத்தைத் தெரிந்துகொள்வார். சுரங்கத்தில் அதற்கு வழியில்லை. எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவிலும் அதே இருட்டுதான். வந்திருப்பது எந்த நிலையம், இறங்கினால் எந்தப் பக்கம் வெளியேறுவது, அடுத்த ரயில் எங்கே போகும் என்று நிலையம்தான் சொல்லியாக வேண்டும். லண்டன் நிலையங்களின் சுவரும் எழுத்தும் விளக்கும் படிக்கட்டும் இந்தக் கேள்விகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தேடப்பட்ட விடைகள். சில விடைகள் அழகானவை. சிலவற்றை உயிர்களை இழந்த பிறகே நகரம் கற்றுக்கொண்டது.

நீராவிக் காலம்

முதல் பாதையைக் கட்டியது மெட்ரோபாலிட்டன் ரயில்வே என்ற தனியார் நிறுவனம். பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை சுமார் 6 கிலோமீட்டர். பொறியாளர் ஜான் ஃபௌலர். இந்தத் திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் சார்லஸ் பியர்சன் என்ற வழக்கறிஞர்; ஆனால் முதல் ரயில் ஓடுவதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார். சாலையைத் தோண்டிப் பள்ளம் வெட்டி, பக்கச் சுவர் எழுப்பி, செங்கல் வளைவால் மூடி, மேலே மறுபடி சாலை போட்டார்கள். அதனால் இந்தப் பழைய நிலையங்கள் ஆழமானவை அல்ல. சாலையிலிருந்து ஒரு மாடி அளவு இறங்கினாலே நடைமேடை வந்துவிடும்.

திறந்த நாளில் ஏறத்தாழ 38,000 பேர் பயணம் செய்தார்கள். மரப்பெட்டிகளில் வாயு விளக்கு எரிந்தது. முன்னால் நீராவி எஞ்சின் புகை கக்கியது. அந்தப் புகையை எப்படி வெளியேற்றுவது என்பதே முதல் நிலையங்களின் பெரிய சிக்கல். பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தின் 5, 6 நடைமேடைகளில் இதற்குக் கண்ட வழியை இன்றும் பார்க்கலாம். இருபுறச் சுவர்களிலும் வரிசையாகச் சாய்வான மாடங்கள் சாலை மட்டத்தை நோக்கி மேலேறுகின்றன. பகல் வெளிச்சம் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வெட்டியவை அவை. இன்று மேல்வாய்கள் அடைபட்டு, மாடங்களில் மின்விளக்கு எரிகிறது. ஆனாலும் அந்தச் செங்கல் வளைவின் கீழ் நிற்பவருக்கு 1863இன் வடிவம் முழுமையாகப் புரியும். இந்த நகரத்தில் ஒரே ஒரு நிலையத்தைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், பார்க்க வேண்டியது இதுதான்.

புகைக்கு வழிவிட்ட இன்னொரு இடம் நிலையமல்ல, தெரு. பேஸ்வாட்டர் பகுதியில் லென்ஸ்டர் கார்டன்ஸ் தெருவின் 23, 24 எண் வீடுகள் வெறும் முகப்புச் சுவர்கள். பின்னால் ரயில் பாதை திறந்த பள்ளமாகக் கிடக்கிறது. தெருவின் வரிசை கெடக்கூடாதென்று கதவும் சன்னலும் வைத்துச் சுவரை மட்டும் எழுப்பிவிட்டார்கள்.

களிமண்ணுக்குள்

வீடுகளையும் சாலைகளையும் இடிக்காமல் பாதை போட வேண்டுமானால் ஆழத்தில் குடைந்து போக வேண்டும். லண்டனின் நிலம் அதற்கு இடம் கொடுத்தது. தேம்ஸ் ஆற்றின் வடக்கே அடியில் கிடக்கும் நீலச்சாம்பல் களிமண், வெட்டவும் எளிது, வெட்டிய துளை உடனே சரிந்தும் விடாது. தெற்கே மணலும் நீரூறும் சரளையும் அதிகம். மேலும் அங்கே தரைமேல் ரயில் நிறுவனங்கள் ஏற்கனவே அடர்த்தியாக வலை விரித்திருந்தன. ட்யூப் வரைபடத்தில் ஆற்றின் தென்புறம் வெறிச்சோடிக் கிடப்பதன் காரணம் இந்த இரண்டும்தான்.

1890இல் திறந்த சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வேதான் முதல் ஆழச் சுரங்க மின்சார ரயில். ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் மேம்படுத்திய உருளை வடிவக் கவசத்துக்குள் தொழிலாளர்கள் நின்று களிமண்ணைத் தோண்ட, பின்னால் இரும்பு வளையங்களைப் பூட்டிக்கொண்டே போனார்கள். ட்யூப் என்ற பெயருக்கு உரியவை இந்தக் குழாய்ச் சுரங்கங்களே. 1900இல் திறந்த சென்ட்ரல் லண்டன் ரயில்வே நிலையங்களைச் சற்று மேடாக அமைத்தது. வரும் ரயில் ஏற்றத்தில் தானே வேகம் குறையும். புறப்படும் ரயிலை இறக்கம் தள்ளிவிடும். மின்சாரமும் மிச்சம், பிரேக்கின் தேய்மானமும் மிச்சம்.

தனியார் மனைக்கு அடியில் குடைந்தால் உரிமையாளருக்குப் பணம் தர வேண்டும். அதைத் தவிர்க்க முடிந்தவரை பொதுச்சாலைக்கு அடியிலேயே சென்றார்கள். சாலை வளைந்த இடத்தில் சுரங்கமும் வளைந்தது, நிலையமும் வளைந்தது. பேங்க் நிலையத்தில் சென்ட்ரல் தடத்தின் நடைமேடையில் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது. நேரான ரயில் பெட்டி வளைந்த நடைமேடையில் நிற்கும்போது நடுவில் இடைவெளி விழுகிறது. 1960களின் இறுதியில் வந்த, இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற அறிவிப்பின் வேர் இந்த நிலக்கணக்கில் இருக்கிறது.

அந்த அறிவிப்புக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர். புதிய ஒலிபெருக்கி அமைப்பு வர வர அவருடைய பதிவு நிலையம் நிலையமாக நீங்கி, கடைசியில் எம்பாங்க்மென்ட் நிலையத்தில் மட்டும் மிஞ்சியது. 2007இல் அவர் இறந்த பிறகு, அவர் மனைவி அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அங்கே போய் உட்கார்வதுண்டு. 2012இல் அங்கும் குரல் மாறியது. மனைவி விசாரித்ததும் ஊழியர்கள் பழைய ஒலிநாடாவைத் தேடி எடுத்து, 2013இல் அந்த நடைமேடையில் மீண்டும் ஒலிக்கச் செய்தார்கள். இன்றும் எம்பாங்க்மென்ட் நார்தர்ன் தடத்தில் மட்டும் அந்தக் குரல்தான்.

ஆழத்துக்கு ஒரு விலையும் உண்டு. நூற்றாண்டுக்கு முன் சுமார் 14 டிகிரி செல்சியஸில் குளிர்ந்திருந்த களிமண், ரயில்களின் பிரேக்கும் மோட்டாரும் விட்ட வெப்பத்தை ஆண்டாண்டாகக் குடித்துச் சூடேறிவிட்டது. கோடையில் இளைப்பாறும் குளிர்ந்த இடம் என்று ஒரு காலத்தில் சுவரொட்டி அடித்து விளம்பரம் செய்த அதே சுரங்கங்களில்தான் இன்று பயணிகள் வியர்த்துப் போகிறார்கள்.

சிவப்பு ஓடுகளின் கட்டடக்காரர்

1906, 1907இல் மட்டும் மூன்று புதிய ஆழத் தடங்கள் திறக்கப்பட்டன. இன்றைய பேக்கர்லூ, பிக்கடிலி, நார்தர்ன் தடங்களின் நடுப்பகுதிகள் அவை. பணம் திரட்டியவர் சார்லஸ் யெர்கீஸ் என்ற அமெரிக்க முதலாளி. நிலையங்களை வரையும் வேலை லெஸ்லி கிரீன் என்ற இளைஞருக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஐம்பது நிலையங்கள். அந்தச் சுமை அவர் உடலைத் தின்றுவிட்டது. 1908இல், 33 வயதில் காசநோயால் இறந்தார்.

கோவென்ட் கார்டன், ரஸ்ஸல் ஸ்கொயர், சாக் ஃபார்ம், ஹாலோவே ரோடு முதலிய நிலையங்களில் அவர் கை தெரியும். வெளியே மெருகூட்டிய சுடுமண் கட்டிகள், காய்ந்த இரத்தம்போன்ற கருஞ்சிவப்பு. மேல்மாடியில் பெரிய அரைவட்டச் சன்னல்கள். புகையும் பனிமூட்டமும் மண்டிய அன்றைய தெருவில் எத்தனையோ கடைகளுக்கு நடுவே, தொலைவிலிருந்தே நிலையம் எது என்று கண்டுகொள்ளலாம். உள்ளே இரும்புச் சட்டகம்; பின்னால் அதன்மேல் அலுவலக மாடிகள் எழுப்பிக்கொள்ள வசதியாகத் தட்டையான கூரை. லிஃப்ட் இயந்திரங்களுக்கு மேல்மாடியில் இடம்.

கீழே நடைமேடையில் அவர் செய்தது இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நிறம், தனிக் கோலம். ஓரிடத்தில் பச்சையும் வெள்ளையும், இன்னோரிடத்தில் பழுப்பும் மஞ்சளும். நிலையத்தின் பெயரைச் சுவரோட்டிலேயே பெரிய எழுத்தில் சுட்டுப் பதித்தார். தினமும் வந்துபோகும் பயணி பெயரைப் படிக்கக்கூட வேண்டாம். சன்னல் வழியே நிறத்தைப் பார்த்ததும் எழுந்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது பயன்பட்டிருக்கும். பின்னாளில் பழுதுபார்ப்பில் பல கோலங்கள் மறைந்தன. சிலவற்றைப் பழைய முறைப்படியே மீண்டும் சுட்டுப் பதித்திருக்கிறார்கள்.

இந்த நிலையங்கள் லிஃப்டை நம்பியவை. ஹாம்ப்ஸ்டெட் நிலையம் குன்றின் அடியில் 58.5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அமைப்பிலேயே மிக ஆழமானது. அங்கே அவசரத்துக்கான சுழல்படிகள் முன்னூறுக்கும் மேல். கோவென்ட் கார்டனில் 193. படியேறுவதற்கு முன் யோசிக்கச் சொல்லி அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து லெஸ்டர் ஸ்கொயர் 300 மீட்டர்கூட இல்லை. அமைப்பில் மிகக் குறுகிய இடைவெளி அதுதான். ரயிலுக்குக் காத்திருப்பதைவிட நடப்பதே விரைவு.

நகரும் படிக்கட்டு 1911இல் எர்ல்ஸ் கோர்ட்டில் வந்தது. லிஃப்டில் ஏற வரிசையில் நிற்க வேண்டும். நகரும் படிக்கட்டு ஓயாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதன்பின் கட்டிய ஆழ நிலையங்களின் வடிவத்தையே அது மாற்றிவிட்டது. இன்று நீளமானது ஏஞ்சல் நிலையத்தில், ஏறத்தாழ 60 மீட்டர்.

வட்டம், எழுத்து, வரைபடம்

ஃபிராங்க் பிக் கட்டடக் கலைஞர் அல்லர். சட்டம் படித்த நிர்வாகி. ஆனால் லண்டன் நிலையங்களின் முகத்தை அவரளவு மாற்றியவர் வேறு எவருமில்லை. 1908இல் விளம்பரப் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது, நடைமேடைச் சுவர் முழுக்கச் சோப்பும் பிஸ்கட்டும் விற்கும் ஒட்டுத்தாள்கள். அவற்றுக்கு நடுவே நிலையத்தின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஆண்டே நிரப்பிய சிவப்பு வட்டத்தின் நடுவே நீலப் பட்டையும், பட்டையில் வெள்ளை எழுத்தில் பெயருமாக ஒரு பலகை வந்தது. பிக் விளம்பரங்களுக்கு இடம் ஒதுக்கிக் கட்டுப்படுத்தி, பெயர்ப்பலகையைச் சுற்றி வெற்றிடம் விட்டார். அந்தப் பலகைதான் பின்னர் சிவப்பு வளையமாக மெலிந்து, இன்று ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்ட சின்னம்.

எழுத்துரு கேட்டு அவர் போனது எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ற கையெழுத்துக் கலைஞரிடம். 1916இல் ஜான்ஸ்டன் வரைந்த எழுத்து, ஓரக்கொம்புகள் இல்லாதது, ஓடும் ரயிலிலிருந்தும் படிக்கக்கூடியது. சிற்றெழுத்து ஐ-க்கு மேலிருக்கும் புள்ளி சாய்சதுரமாக இருக்கும். நூறாண்டு கடந்தும், சில திருத்தங்களோடு, ஒவ்வொரு நிலையப் பலகையிலும் அதே எழுத்துதான்.

1933இல் மூன்றாவது விடை வந்தது. சமிக்ஞைப் பிரிவில் வரைவாளராக வேலை பார்த்த ஹாரி பெக், நிலப்படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்சுற்று வரைபடத்தின் முறையில் தடங்களை வரைந்தார். கோடுகள் நேராகவோ 45 டிகிரி சாய்வாகவோ மட்டும் போகும். நிலையங்களுக்கு இடையே தூரம் கிட்டத்தட்ட சமம். தரைமேல் உள்ளவற்றில் தேம்ஸ் ஆறு மட்டும் மிஞ்சியது. முதலில் நிராகரித்தார்கள், சோதனையாக அச்சிட்டபோது மக்கள் பறித்துக்கொண்டு போனார்கள். நிலத்தடியில் இருப்பவருக்குத் தொலைவு முக்கியமல்ல, வரிசையும் மாறுமிடமுமே முக்கியம் என்பதை பெக் கண்டுகொண்டார். உலகின் பெரும்பாலான மெட்ரோ வரைபடங்கள் அவருக்குக் கடன்பட்டவை.

ஹோல்டனின் நிலையங்கள்

பிக் தேடிப் பிடித்த கட்டடக் கலைஞர் சார்லஸ் ஹோல்டன். 1926இல் தெற்கே மார்டன் வரை நீண்ட தடத்துக்கு அவர் ஏழு நிலையங்கள் கட்டினார். போர்ட்லண்ட் வெள்ளைக்கல் முகப்பு, நடுவில் கண்ணாடியில் பெரிய வட்டச் சின்னம். அந்தச் சின்னத்தையே தூணின் தலைப்பாகவும் செதுக்கினார். 1928இல் திரும்பக் கட்டித் திறந்த பிக்கடிலி சர்க்கஸ் நிலையத்தில் தரைக்கு மேல் கட்டடமே இல்லை. சாலைச் சந்திப்புக்கு அடியில் நீள்வட்ட மண்டபம், சுற்றிலும் தூண்கள், சந்திப்பின் எந்த மூலையிலிருந்து இறங்கினாலும் அதே மண்டபத்துக்கு வந்து சேரலாம்.

1930இல் பிக்கும் ஹோல்டனும் ஜெர்மனி, ஹாலந்து, டென்மார்க், சுவீடன் சென்று புதிய கட்டடங்களைப் பார்த்துவந்தார்கள். அதன் விளைவு பிக்கடிலி தடத்தின் இரு முனைகளிலும் எழுந்தது. 1931இல் சட்பரி டவுன்: உயரமான செங்கல் பெட்டி, மேலே கான்கிரீட் மூடி. 1932இல் ஆர்னோஸ் குரோவ்: கீழே தாழ்ந்த கட்டடம், அதன்மேல் முரசுபோல் வட்ட மண்டபம், சுற்றிலும் உயரச் சன்னல்கள், நடுவில் கூரையைத் தாங்கும் ஒரே ஒரு தூண். 1933இல் சவுத்கேட்: வட்டமாகத் தரையில் அமர்ந்த கட்டடம், உச்சியில் விளக்குக் கோபுரம். சவுத்கேட்டில் நகரும் படிக்கட்டின் ஓரமாக நிற்கும் வெண்கல விளக்குத்தூண்கள் இன்னும் எரிகின்றன.

ஆர்னோஸ் குரோவ்தான் இவற்றில் சிறந்தது. செங்கல், கண்ணாடி, கான்கிரீட் தவிர அதில் விலையுயர்ந்த பொருள் எதுவுமில்லை. இரவில் உள்விளக்கு எரியும்போது அந்த மண்டபம் முழுவதும் தெருவுக்கு விளக்காகிறது. அன்று அங்கே சுற்றிலும் வயலும் புதிதாக முளைத்த வீடுகளும்தான். கூலி வேலைக்கும் குமாஸ்தா வேலைக்கும் போகிறவர்கள் காலையும் மாலையும் கடந்துபோகும் இடத்துக்கு இத்தனை அக்கறை தேவை என்று ஹோல்டன் நம்பினார். சர் பட்டம் தேடிவந்தபோது, கட்டடம் பலருடைய கூட்டுழைப்பு என்று சொல்லி இரண்டு முறை மறுத்தவர் அவர்.

அவருடைய கடைசிப் பெரிய நிலையம் கிழக்கே கான்ட்ஸ் ஹில், 1947. இரண்டு நடைமேடைகளுக்கும் நடுவே நெடிய வளைகூரை மண்டபம். மாஸ்கோ மெட்ரோ கட்டும்போது லண்டன் பொறியாளர்கள் ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அந்த உறவின் பதில் மரியாதையாக மாஸ்கோவின் மண்டப வடிவம் லண்டனுக்கு வந்தது.

போர்க்காலத்தில்

1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசத் தொடங்கியபோது, சுரங்க நிலையங்களில் மக்கள் தங்குவதை அரசு முதலில் விரும்பவில்லை. மக்கள் ஒன்றரைப் பென்னிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கி, மேலே வர மறுத்துவிட்டார்கள். அரசு பணிந்தது. அந்த மாத இறுதியில் ஓர் இரவில் ஏறத்தாழ 1,77,000 பேர் நடைமேடைகளில் படுத்திருந்தார்கள். பின்னர் மூன்றடுக்குக் கட்டில்களும் கழிப்பறைகளும் உணவு கொண்டுவரும் ரயில்களும் வந்தன. சிற்பி ஹென்றி மூர் அந்த உறங்கும் உருவங்களை வரைந்த சித்திரங்கள் அவருடைய மிகச்சிறந்த படைப்புகளில் சேரும்.

ஆழம் எப்போதும் காப்பாற்றவில்லை. 1940 அக்டோபர் 14 இரவு பால்ஹாம் நிலையத்துக்கு மேல் சாலையில் விழுந்த குண்டு, நீர்க்குழாய்களையும் கழிவுநீர்க் குழாயையும் உடைத்தது. நீரும் சேறும் நடைமேடையில் புகுந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே பள்ளத்தில் ஒரு பேருந்து தலைகுப்புற விழுந்தது.

பெத்னல் கிரீனில் குண்டே விழவில்லை. கட்டி முடிக்காத அந்த நிலையம் புகலிடமாக மட்டும் இருந்தது. தெருவிலிருந்து இறங்க ஒரே வாசல், 19 படிகள், நடுவில் கைப்பிடி கிடையாது, மங்கலாக ஒரு விளக்கு. வாசலை வலுப்படுத்த உள்ளூர் மன்றம் முன்பே பணம் கேட்டிருந்தது, கிடைக்கவில்லை. 1943 மார்ச் 3 இரவு அபாயச் சங்கு ஊதி மக்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த பூங்காவில் புதிய வகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பேரொலியோடு கிளம்பின. குண்டு என்று எண்ணி எல்லோரும் முண்டியடித்தார்கள். கீழ்ப்படிகளில் குழந்தையோடு வந்த ஒரு பெண் இடறினார். சில நொடிகளில் படிக்கட்டு முழுவதும் உடல்கள் அடுக்கடுக்காக அடைந்துகொண்டன. 173 பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். போர்க்காலத் தணிக்கையில் இடத்தின் பெயர்கூடச் செய்தித்தாளில் வரவில்லை. பிரிட்டனில் அந்தப் போரில் நடந்த மிகப் பெரிய பொதுமக்கள் விபத்து இது. நினைவுச்சின்னம் 2017இல்தான் முழுமையடைந்தது. ஒரு கைப்பிடியும் இன்னொரு விளக்கும் இருந்திருந்தால் அந்த இரவு வேறாக முடிந்திருக்கும்.

சில நிலையங்கள் வேறு வேலைகள் பார்த்தன. லேடன்ஸ்டோனுக்கும் கான்ட்ஸ் ஹில்லுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்காத இரட்டைச் சுரங்கத்தில் விமான உதிரிபாகத் தொழிற்சாலை நடந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1932இலேயே மூடிய டவுன் ஸ்ட்ரீட் நிலையம் ரயில்வே நிர்வாகக் குழுவின் ரகசிய அலுவலகம் ஆனது. சர்ச்சிலும் அங்கே தங்கியிருக்கிறார். ஆல்ட்விச் கிளைச் சுரங்கத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பார்த்தினான் சிற்பங்கள் பத்திரப்படுத்தப்பட்டன. அந்த நிலையம் 1994இல் மூடப்பட்டு, இப்போது படப்பிடிப்புகளுக்கும் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் நடத்தும் சுற்றுலாவுக்கும் திறக்கிறது. கிளாபம் சவுத் நிலையத்தின் அடியில் போருக்காகத் தோண்டிய ஆழ்புகலிடத்தில், 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களில் தங்க இடமில்லாத இருநூறுக்கும் மேற்பட்டோர் முதல் சில வாரங்களைக் கழித்தார்கள். அருகில் பிரிக்ஸ்டனில் வேலைவாய்ப்பு அலுவலகம் இருந்தது. பிரிக்ஸ்டன் கரீபியர்களின் ஊரானதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுவரில் ஏறிய ஓவியம்

1968 முதல் 1971 வரை படிப்படியாகத் திறந்த விக்டோரியா தடத்தில் பணம் குறைவு. எல்லா நிலையங்களுக்கும் ஒரே சாம்பல் நிற ஓடு. அந்த வறட்சியில் லெஸ்லி கிரீனின் யோசனை மறுபடி உயிர்பெற்றது. நடைமேடை இருக்கைகளுக்குப் பின்னால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் ஓவியம்: யூஸ்டனில் அப்போதுதான் இடிக்கப்பட்டிருந்த பழைய கல்வளைவு, ஸ்டாக்வெல்லில் அன்னம், செவன் சிஸ்டர்ஸில் ஏழு மரங்கள், வால்தம்ஸ்டோவில் அந்த ஊரில் பிறந்த வில்லியம் மாரிஸின் பாணியில் பூங்கோலம், வாரன் ஸ்ட்ரீட்டில் சுற்றுவழிப் புதிர்.

அதன்பின் ஓவியம் இருக்கையளவில் நிற்கவில்லை. சேரிங் கிராஸ் நார்தர்ன் தட நடைமேடையில் 1979இல் டேவிட் ஜென்டில்மேனின் மரச்செதுக்கு ஓவியங்களைப் பெரிதாக்கிச் சுவர் முழுக்கப் பதித்தார்கள். இடைக்காலத்தில் அங்கே ஓர் அரசிக்கு நினைவுச் சிலுவை கட்டிய கல்தச்சர்கள், கல் வெட்டுவதிலிருந்து கடைசிப் பூச்சுவரை செய்த வேலை அதில் வரிசையாக வருகிறது. அரசியின் நினைவுச்சின்னத்தைக் காட்டும் இடத்தில் அரசியை விட்டுத் தொழிலாளரைக் காட்டியது அருமையான தேர்வு. டாட்டனம் கோர்ட் ரோட்டில் 1980களில் எட்வர்டோ பாவ்லோஸி பதித்த வண்ணச் சில்லோவியங்கள் பல்லாயிரம் கண்ணாடித் துண்டுகளால் ஆனவை. நிலையத்தை விரிவாக்கியபோது பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள். பெயர்த்தெடுத்த சில துண்டுகள் அவர் படித்த எடின்பரோவின் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2013இல், 150ஆம் ஆண்டையொட்டி, மார்க் வாலிங்கர் அன்றிருந்த 270 நிலையங்களுக்கும் ஒன்றாக 270 வட்டப் புதிர்வழிப் பலகைகள் செய்தார். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

கிங்ஸ் கிராஸ்

1987 நவம்பர் 18 மாலை, கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் பிக்கடிலி தடத்துக்கான, மரத்தாலான நகரும் படிக்கட்டின் இடுக்கில் யாரோ போட்ட தீக்குச்சி விழுந்தது. அடியில் பல்லாண்டு மசகும் நாரும் காகிதத் துணுக்கும் படிந்திருந்தன. முதலில் சிறு நெருப்பாகத்தான் தெரிந்தது. கால்மணி நேரத்தில் தீ ஒரே வீச்சில் மேல்மண்டபத்துக்குப் பாய்ந்து 31 பேரைக் கொன்றது. உதவிக்கு இறங்கிய தீயணைப்பு அதிகாரி கோலின் டவுன்ஸ்லியும் அவர்களில் ஒருவர். சாய்வான பள்ளத்தில் நெருப்பு மேலெழாமல் படிகளோடு படுத்துக்கொண்டு வேகமெடுக்கும் என்பதைக் கணினிக் கணக்கும் மாதிரிச் சோதனையும் பின்னரே காட்டின. டெஸ்மண்ட் ஃபெனல் தலைமையிலான விசாரணை, ஊழியர்களுக்குப் பயிற்சி இல்லாததையும் குப்பை அகற்றாததையும் வெளிக்கொண்டுவந்தது. நிலையங்களில் புகைபிடிப்பது அறவே தடையானது. மரப்படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக நீங்கின. கடைசி மரப்படிக்கட்டு கிரீன்ஃபோர்டில் 2014 வரை இருந்தது, அது தரைக்கு மேலிருந்த நிலையம் என்பதால்.

ஜூபிலி தடம்

1999இல் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு வரை நீண்ட ஜூபிலி தடத்தில் 11 நிலையங்கள். தலைமைக் கட்டடக் கலைஞர் ரோலண்ட் பாவ்லெட்டி ஒவ்வொன்றையும் வெவ்வேறு கலைஞரிடம் கொடுத்தார். பழைய கப்பல்துறையின் நீரை வடித்து அதன் படுகையில் நார்மன் ஃபாஸ்டர் கட்டிய கேனரி வார்ஃப், வளைந்த கண்ணாடிக் கூரைகளின் வழியே பகல் வெளிச்சத்தை ஆழத்துக்கு இறக்குகிறது. வெளியே போக எந்தப் பக்கம் என்று பலகை பார்க்காமலே வெளிச்சத்தை நோக்கி நடக்கலாம். மைக்கேல் ஹாப்கின்ஸின் வெஸ்ட்மின்ஸ்டர், பிக் பென் கோபுரத்தின் காலடியிலேயே ஏறத்தாழ 40 மீட்டர் தோண்டிய கான்கிரீட் கிணறு. கோபுரம் சாயாமலிருக்க வேலை முடியும்வரை அதன் அடி மண்ணில் சிமெண்ட் கலவையைச் செலுத்திக்கொண்டே இருந்தார்கள். இந்தத் தடத்தின் சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரம் கண்ணாடிக் கதவுகளும் வந்தன.

2021இல் நைன் எல்ம்ஸ், பாட்டர்சீ பவர் ஸ்டேஷன் இரண்டும் திறந்தபோது எண்ணிக்கை 272 ஆயிற்று.

தமிழர் இறங்கும் நிலையங்கள்

1983க்குப் பின் இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் லண்டனுக்கு வந்தபோது, குடியேற்றம் ட்யூப் தடங்களை ஒட்டியே பரவியது. டிஸ்ட்ரிக்ட் தடத்தில் ஈஸ்ட் ஹாம் நிலைய வாசலைத் தாண்டினால் ஹை ஸ்ட்ரீட் நார்த். புட்டும் கொத்துரொட்டியும் நகையும் புடவையும் விற்கும் தமிழ்க்கடைகள். அருகே மேனர் பார்க்கில் முருகன் கோயில். தெற்கே டூட்டிங் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் இறங்கும் டூட்டிங் பிராட்வே, ஹோல்டனின் 1926 நிலையங்களில் ஒன்று. வடக்கே ஹைகேட் முருகன் கோயிலுக்கு நார்தர்ன் தடத்து ஹைகேட் நிலையம். அயலவர் மொழி ஒன்று ட்யூப் நிலையப் பலகையில் ஏறியதும் கிழக்கு லண்டனில்தான்: 2022இல் ஒயிட்சேப்பலில் வங்காளியில் பெயர் எழுதினார்கள். ஈஸ்ட் ஹாமுக்கும் அப்படியொரு பலகை பொருந்தும்.

படியேற முடியாதவர்கள்

ஜூபிலி நீட்டிப்பின் 11 நிலையங்களிலும் சாலையிலிருந்து ரயில் வரை படியேறாமல் போகலாம். ஆனால் அமைப்பு முழுவதிலும் அந்த வசதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில்தான் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவருக்கும் பெக்கின் வரைபடத்தில் பெரும்பகுதி இன்னும் அடைபட்டதே. நூற்றாண்டுப் பழைய சுரங்கத்துக்கு லிஃப்ட் இறக்குவது எளிதல்ல. மேலே மனை வாங்க வேண்டும், குழாய்களையும் அஸ்திவாரங்களையும் தவிர்த்துக் குழி இறக்க வேண்டும், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை நடக்க வேண்டும். முடியாததும் அல்ல. பேங்க் நிலையத்தில் 2022இல் நார்தர்ன் தடத்தைச் சில மாதங்கள் நிறுத்தி, தெற்கு நோக்கிய ரயிலுக்குப் புதுச் சுரங்கமும் நடைமேடையும் அமைத்தார்கள். பழைய நடைமேடையை அகலமான நடைவழியாக மாற்றினார்கள். 2023 பிப்ரவரியில் கேனன் ஸ்ட்ரீட்டில் லிஃப்டோடு புதிய வாசல் திறந்தது. பேங்க், 1900இல் கட்டிய நிலையம்.